வானத்தைப் பெருக்கியவர்

உங்கள் பெயருக்கு முன்னால் இனிஷியல் என்று ஓர் எழுத்து போடுகிறீர்கள் அல்லவா? அது பெரும்பாலும் உங்கள் அப்பாவின் பெயரில் முதல் எழுத்து. நான் ஆசிரியராக இருந்த காலத்தில் ஒரே வகுப்பில் மூன்று செல்விகள் இருப்பார்கள். இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிட்டால்தான் சரியான செல்வி எழுந்து நிற்பாள்!

ஐரோப்பிய நாடுகளில் வழக்கம் வேறு. அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெயர் உண்டு. அப்பா, பிள்ளை, பேரன், அத்தை எல்லோருக்கும் அந்த ஒரே பெயர்தான் பின்னால் வரும். சில குடும்பப் பெயர்கள் தெருவுக்குப் பத்து பேருக்கு இருக்கும். சில மிகவும் அபூர்வம். ஹெர்ஷல் என்பது அப்படி ஓர் அபூர்வமான பெயர். ஆனால் விண்வெளியைப் பற்றிய எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் இந்தப் பெயர் கண்ணில் படும். யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலை உங்கள் அறிவியல் புத்தகத்திலேயே பார்த்திருப்பீர்கள்.

அவருக்கு ஒரு தங்கை இருந்தார். அவர் பெயர் கரோலின் ஹெர்ஷல். இந்த வாரம் அவருடைய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஜெர்மனியில் ஹானோவர் என்று ஒரு நகரம். அங்கே 1750ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் கரோலின் பிறந்தார். அப்பா ஐசக் ஹெர்ஷல் ராணுவ இசைக் குழுவில் வாத்தியம் வாசிப்பவர். பெரிய குடும்பம், சிறிய சம்பளம். பிறந்த பத்துக் குழந்தைகளில் ஆறு பேர்தான் பிழைத்தார்கள்.

குழந்தையாக இருந்தபோதே கரோலினுக்குப் பெரியம்மை வந்தது. முகமெல்லாம் தழும்பு. பத்து வயதில் டைபஸ் என்னும் கொடிய காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் அதோடு அவர் உடல் வளர்ச்சி நின்று போயிற்று. கடைசி வரை அவருடைய உயரம் 4 அடி 3 அங்குலம்தான்! ஏறக்குறைய நான்காம் வகுப்புப் பிள்ளையின் உயரம்.

இந்தப் பெண்ணை யார் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று வீட்டில் கவலைப்பட்டார்கள். அம்மா அதற்கு ஒரு முடிவும் கண்டுபிடித்துவிட்டார். கரோலின் வீட்டிலேயே இருந்து சமைக்கட்டும், பெருக்கட்டும், துணி துவைக்கட்டும். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம். மூத்த பிள்ளைகள் படித்ததால்தான் ஊரை விட்டுப் போனார்கள் என்பது அந்த அம்மாவின் எண்ணம். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் நம் ஊர்களிலும் அப்படி நினைத்தவர்கள் ஏராளம்.

அப்பா மட்டும், அம்மா இல்லாத நேரம் பார்த்து மகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்தார். ஒரு நாள் பனிக் குளிர் இரவில் அவளைத் தெருவுக்கு அழைத்துச் சென்று நட்சத்திரக் கூட்டங்களைக் காட்டினார். அப்போது வானில் தெரிந்த ஒரு வால் நட்சத்திரத்தையும் காட்டினார். 1767இல் அந்த அப்பாவும் இறந்து போனார். பதினேழு வயது கரோலினுக்கு அடுப்பும் துடைப்பமும்தான் மிச்சம்.

அண்ணன் வில்லியம் அப்போது இங்கிலாந்தில் இருந்தார். பாத் என்னும் நகரத்தில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பதும், இசைப் பாடம் நடத்துவதும் அவர் தொழில். தங்கைக்கு நல்ல குரல் இருப்பது அவருக்குத் தெரியும். பாடகியாக்கலாம் என்று நினைத்தார். 1772இல் ஹானோவருக்கு வந்து அம்மாவிடம் கேட்டார்.

அம்மா சும்மா விடுவாரா? வேலைக்கு ஆள் வேண்டுமே! கடைசியில் வில்லியம் ஓர் ஏற்பாடு செய்தார். கரோலினுக்குப் பதிலாக ஒரு வேலைக்காரியை வைத்துக்கொள்ள ஆண்டுதோறும் பணம் தருவதாக ஒப்புக்கொண்டார். கரோலினும் தன் பங்குக்கு, வீட்டிலிருந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் போதுமான காலுறைகளைப் பின்னி வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் விடுதலை!

இங்கிலாந்துப் பயணம் பெரிய கூத்து. திறந்த குதிரை வண்டியில் போகும்போது ஹாலந்தில் காற்றடித்து அவருடைய தொப்பி கால்வாயில் விழுந்தது. கடலில் புயல் அடித்துக் கப்பலின் பாய்மரம் முறிந்தது. கரை வந்ததும் மாலுமிகள் இவரை மூட்டை போலத் தூக்கிக் கரையில் இறக்கினார்கள். அங்கே ஏறிய வண்டியின் குதிரை மிரண்டு ஓடி, கரோலின் ஒரு வறண்ட பள்ளத்தில் போய் விழுந்தார். நல்ல வேளை, அடி ஒன்றும் பலமில்லை.

பாத் நகரில் வில்லியம் தங்கைக்கு ஆங்கிலம், கணக்கு, பாட்டு மூன்றையும் சொல்லிக் கொடுத்தார். கணக்குப் பாடம் பெரும்பாலும் காலை உணவு மேசையில்தான்! இருபத்திரண்டு வயதுக்கு மேல் கணக்கு கற்றதால் கரோலினுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு மனத்தில் நிற்கவே இல்லையாம். அதை ஒரு தாளில் எழிதி எப்போதும் கையோடு வைத்திருப்பாராம். உங்களில் சிலருக்கு இதைக் கேட்க மகிழ்ச்சியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்! ஆனால் மீதியையும் கேளுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர் போட்ட கணக்குகளை எல்லாம் இன்றைய மாணவர் ஒருவர் போட உட்கார்ந்தால் ஆண்டுகள் ஆகும்.

1778இல் ஹேண்டல் இயற்றிய மெசையா என்னும் இசை நாடகத்தில் கரோலின் முதன்மைப் பாடகியாகப் பாடினார். வெளியூரிலிருந்து பாட அழைப்பும் வந்தது. ஆனால் அண்ணன் இசை நடத்தாத மேடையில் பாட மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

அந்த நேரத்தில் அண்ணனுக்கு வேறு ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. அதுதான் வானம்! நல்ல தொலைநோக்கி வாங்கப் பணமில்லை. ஆகவே தாமே செய்யத் தொடங்கினார். செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்து, அதைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போலப் பளபளக்கச் செய்ய வேண்டும். வார்ப்பு அச்சுக்குக் குதிரைச் சாணம் தேவை. அதை உலர்த்தி, இடித்து, சல்லடையில் சலிக்கும் வேலை வீட்டில் எல்லோருக்கும் உண்டு. பாடகி கரோலினுக்கும் உண்டு!

தேய்க்கத் தொடங்கிவிட்டால் வில்லியம் கையை எடுக்க மாட்டார். ஒரு முறை பதினாறு மணி நேரம் தொடர்ந்து தேய்த்தார். கரோலின் பக்கத்தில் உட்கார்ந்து உணவைத் துண்டு துண்டாக அண்ணன் வாயில் ஊட்டினார். களைப்புத் தெரியாமல் இருக்கக் கதைப் புத்தகமும் வாசித்தார். 1781 ஆகஸ்டில் ஒரு பெரிய ஆடியை வார்த்தபோது உருகிய உலோகம் தரையில் கொட்டியது. சூடு தாங்காமல் தரைக்கற்கள் வெடித்துக் கூரை வரை பறந்தன. எல்லோரும் ஓடித் தப்பினார்கள்.

அதே ஆண்டு மார்ச் 13ஆம் நாள் இரவுதான் வில்லியம் யுரேனஸைக் கண்டார். பழங்காலத்திலிருந்து சனிதான் கடைசிக் கிரகம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதற்கு அப்பாலும் ஒன்று உண்டு என்று தெரிந்ததும் ஐரோப்பாவே வியந்தது. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை கொடுத்தார். வில்லியம் இசையை விட்டுவிட்டு முழு நேர வானியலாளர் ஆனார். 1782இல் அண்ணனும் தங்கையும் மன்னரின் வின்ட்சர் அரண்மனைக்கு அருகே டாட்செட் என்னும் ஊருக்குக் குடிபோனார்கள்.

குழந்தைகளே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாத் நகரில் கரோலின் பெயர் பெற்ற பாடகி. சொந்தமாகச் சம்பாதிக்கும் காலம் நெருங்கியிருந்தது. அண்ணன் வேலையை மாற்றியபோது தங்கையின் பாட்டும் அதோடு நின்றது. அவரிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. இந்த வருத்தம் அவர் மனத்தில் வெகு நாள் இருந்தது.

அண்ணன் அவருக்கு ஒரு சிறு தொலைநோக்கி கொடுத்து, வால் நட்சத்திரம் தேடச் சொன்னார். வானத்தின் ஒரு பகுதியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரு புள்ளி விடாமல், வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். இதற்கு வானியலாளர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? பெருக்குதல்! வீட்டைப் பெருக்குகிறோமே, அதே சொல்தான். ஹானோவரில் துடைப்பம் பிடித்த கை இப்போது வானத்தைப் பெருக்கத் தொடங்கியது.

முதலில் அவருக்கு இது பிடிக்கவில்லை. குளிரில் தனியாகப் புல்வெளியில் நிற்க வேண்டும். பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. ஆனால் 1783இலேயே யாரும் குறித்து வைக்காத மங்கலான ஒளித்திட்டுகள் சிலவற்றைக் கண்டுபிடித்தார். அவற்றில் ஒன்று, கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் கொண்ட ஒரு தனி அண்டம் என்று இன்று நமக்குத் தெரியும்.

பெரும்பாலான இரவுகளில் அவர் அண்ணனுக்கு உதவியாளர். வில்லியம் ஏணியின் மேல் நின்று தொலைநோக்கியில் பார்த்துச் சத்தமாகச் சொல்வார். கரோலின் விளக்கு, கடிகாரம், நட்சத்திரப் பட்டியல் ஆகியவற்றோடு கீழே உட்கார்ந்து நேரத்தையும் இடத்தையும் எழுதிக்கொள்வார். சில இரவுகளில் மைக்கூட்டில் மை உறைந்து போகும்! விடிந்ததும் எல்லாவற்றையும் திருத்தமாகப் படி எடுத்து, கணக்குப் போட்டு வைப்பார். வில்லியம் வெளியிட்ட மூன்று பட்டியல்களிலும் சேர்த்து 2,500 ஒளித்திட்டுகளும் நட்சத்திரக் கொத்துகளும் உண்டு. அத்தனையும் கரோலினின் கையெழுத்து வழியாக வந்தவை.

1783 டிசம்பர் 31ஆம் நாள் இரவு. தரையெல்லாம் உருகும் பனி. அண்ணன் விரைவாக ஒரு திருகைத் திருப்பச் சொன்னார். இருட்டில் ஓடிய கரோலின் வழுக்கி, தொலைநோக்கியைத் தாங்கும் சட்டத்தில் இருந்த பெரிய இரும்புக் கொக்கி மீது விழுந்தார். முழங்காலுக்கு மேல் கொக்கி ஏறிவிட்டது. தூக்கி எடுத்தபோது சதை பிய்ந்து கொக்கியிலேயே தங்கியது. பின்னர் ஒரு மருத்துவர், இந்தக் காயம் ஒரு படைவீரனுக்கு ஏற்பட்டிருந்தால் ஆறு வாரம் மருத்துவமனையில் வைத்திருப்பார்கள் என்றாராம். கரோலினோ, நல்ல வேளையாக அன்றிரவு மேகம் மூடிவிட்டது, அண்ணனின் வேலை கெடவில்லை என்று ஆறுதல் பட்டார்!

1786இல் அவர்கள் ஸ்லௌ என்னும் ஊருக்கு வந்தார்கள். அந்தக் கோடையில் வில்லியம், மன்னர் பரிசாகக் கொடுத்த தொலைநோக்கியைச் சேர்ப்பிக்க ஜெர்மனிக்குப் போனார். வீட்டில் கரோலின் மட்டும். உத்தரவு போட யாருமில்லை. ஆகவே இரவுகள் அவருக்கே சொந்தம்.

ஆகஸ்ட் முதல் நாள் பகலில் நூறு ஒளித்திட்டுகளுக்குக் கணக்கு முடித்துவிட்டு, இரவில் வானத்தைப் பெருக்கினார். மங்கலாக ஒன்று தெரிந்தது. இது வால் நட்சத்திரமா, வழக்கமான ஒளித்திட்டா?

எப்படிக் கண்டுபிடிப்பது? கோலத்துக்கு வைத்த புள்ளிகள் இடம் மாறுமா? மாறாது. வானத்து ஒளித்திட்டும் அப்படித்தான். பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்ந்து ஒரே அமைப்பில் இருக்கும். வால் நட்சத்திரம் சூரியனைச் சுற்றி ஓடுவது. ஒரு நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் புள்ளிகளுக்கு நடுவே அது மட்டும் நகர்ந்திருக்கும்.

ஆகவே மறுநாள் இரவு வரை காத்திருக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் பகல் முழுவதும் மழை! கரோலின் பதற்றத்தை அடக்கிக்கொண்டு மேலும் 150 ஒளித்திட்டுகளுக்குக் கணக்குப் போட்டார். இரவில் மெல்ல மேகம் விலகியது. ஒரு மணிக்கு அந்தப் பொருள் கண்ணில் பட்டது. நகர்ந்திருந்தது! வால் நட்சத்திரமேதான்!

அவர் உறங்கப் போகவில்லை. லண்டனில் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் சங்கத்தின் செயலாளருக்கும், வானியல் அறிந்த ஒரு நண்பருக்கும் கடிதம் எழுதி முடித்த பிறகே படுத்தார். சில நாட்களில் பெரிய மனிதர்கள் எல்லாம் ஸ்லௌ வந்து, அந்தக் குட்டிப் பெண்மணியின் வால் நட்சத்திரத்தைப் பார்த்துப் போனார்கள்.

1787இல் மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் சம்பளம் ஒதுக்கினார். இங்கிலாந்தில் அறிவியல் வேலைக்காகச் சம்பளம் பெற்ற முதல் பெண் அவர்தான். அண்ணனுக்குக் கிடைத்ததில் நான்கில் ஒரு பங்குதான். இருந்தாலும், முதல் தவணை 12 பவுன் 10 ஷில்லிங் கைக்கு வந்தபோது அவருக்கு வயது 37. தன் விருப்பம் போலச் செலவு செய்யலாம் என்று அவர் நினைத்த முதல் பணம் அது.

அடுத்த ஆண்டு வில்லியம் திருமணம் செய்துகொண்டார். பதினாறு ஆண்டுகள் நிர்வாகம் செய்த வீட்டின் சாவிகளை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, கரோலின் வேறிடத்தில் குடியிருந்தபடி வேலைக்கு வந்து போனார். அடுத்த பத்து ஆண்டுகளில் எழுதிய நாட்குறிப்புகளைப் பிற்காலத்தில் தாமே அழித்துவிட்டார். கோபத்தில் எழுதியது யார் மனத்தையும் புண்படுத்த வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். அண்ணி நல்லவர். இருவரும் பிறகு பிரியமாகவே இருந்தார்கள். 1792இல் பிறந்த அண்ணன் மகன் ஜான், அத்தையின் செல்லப் பிள்ளை ஆனான்.

வால் நட்சத்திர வேட்டை நிற்கவில்லை. 1797க்குள் எட்டு வால் நட்சத்திரங்களைக் கண்டார். கடைசியைக் கண்ட இரவு ஒரு மணி நேரம்தான் தூங்கினார். கடிதம் போய்ச் சேரத் தாமதமாகும் என்று குதிரையில் ஏறிவிட்டார்! இரண்டு மூன்று மைலுக்கு மேல் சவாரி செய்து பழக்கமில்லாதவர், சுமார் 40 கிலோமீட்டர் பயணம் செய்து கிரீன்விச் வானாய்வகத் தலைவர் மாஸ்கெலினிடம் நேரில் செய்தி சொன்னார்.

1798இல் அவருடைய ஒரு நூலை ராயல் சொசைட்டி வெளியிட்டது. ஃபிளாம்ஸ்டீட் என்னும் பழைய வானியலாளரின் நட்சத்திரப் பட்டியலைக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதில் விட்டுப்போன 500க்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை அவர் கண்டெடுத்திருந்தார். நூலை வெளியிட்ட அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது எப்போது தெரியுமா? 1945இல்தான்!

1822 ஆகஸ்டில் வில்லியம் காலமானார். மனம் உடைந்த கரோலின், அவசரப்பட்டு இங்கிலாந்தை விட்டு ஹானோவருக்கே திரும்பினார். ஐம்பது ஆண்டுகளில் ஊர் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. உயரமான வீடுகள் வானத்தை மறைத்தன. வந்தது தவறு என்று வருந்தினார். ஆனால் சும்மா இருக்கவில்லை. அண்ணனின் 2,500 ஒளித்திட்டுகளையும், வானத்தில் அவை இருக்கும் வரிசைப்படி புதிதாக அடுக்கி எழுதினார். எழுபது வயதைத் தாண்டிய பிறகு! யாருக்காக? தொலைநோக்கியோடு காத்திருந்த ஜானுக்காக. அந்தப் பட்டியலின் துணையோடுதான் ஜான் தன் தந்தை கண்ட ஒளித்திட்டுகளை மறுபடியும் தேடிப் பார்த்தார்.

இதற்காக 1828இல் லண்டன் ராயல் வானியல் சங்கம் கரோலினுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அதற்குப் பிறகு அந்தப் பதக்கத்தைப் பெற்ற பெண் அமெரிக்க வானியலாளர் வேரா ரூபின். ஆண்டு 1996! இடையில் 168 ஆண்டுகள். 96ஆவது பிறந்த நாளில் பிரஷ்ய மன்னரும் தங்கப் பதக்கம் அனுப்பினார். இவ்வளவுக்குப் பிறகும், தன்னைப் புகழ்வது அண்ணனின் புகழைக் குறைப்பதாகும் என்று கரோலின் வாதாடுவார். எனக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு உடன்பாடு இல்லை.

ஜான் தென்னாப்பிரிக்கா சென்று தெற்கு வானத்தையும் ஆராய்ந்தார். புளூபிரின்ட் என்னும் நீல நிறப் பட முறையை 1842இல் கண்டுபிடித்தவரும் அவர்தான். ஜானின் மகன் இன்னொரு வில்லியம் ஹெர்ஷல். அவர் நம் நாட்டுக்கு அதிகாரியாக வந்தார். 1858இல் வங்காளத்தில் ஜங்கிபூர் என்னும் ஊரில், ஓர் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத் தாளில் பதிய வைத்தார். பிறகு பல ஆண்டுகள் ரேகைகளைச் சேகரித்து, அவை வயதானாலும் மாறுவதில்லை என்று கண்டார். ரேஷன் கடையில் விரல் வைக்கும்போது இந்தக் குடும்பப் பெயரை நினைத்துக்கொள்ளுங்கள்!

கரோலின் 1848 ஜனவரி 9ஆம் நாள் தமது 97ஆம் வயதில் ஹானோவரில் காலமானார். அவர் விருப்பப்படி, அண்ணனின் ஒரு முடிக்கற்றையும், அப்பா பயன்படுத்திய பழைய பஞ்சாங்கம் ஒன்றும் சவப்பெட்டியில் வைக்கப்பட்டன.

1788 டிசம்பரில் அவர் கண்ட ஒரு வால் நட்சத்திரம் போனது போனதுதான் என்று எல்லோரும் மறந்திருந்தார்கள். 1939இல் பிரான்சில் ரிகோலே என்பவர் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதே பழைய விருந்தாளி! அதற்கு ஹெர்ஷல்-ரிகோலே என்று பெயர் வைத்தார்கள். அடுத்து அது சூரியனுக்கு அருகே வரப்போவது 2092இல். நான் இருக்கப் போவதில்லை. உங்களில் சிலர் அப்போது பேரப்பிள்ளைகளோடு மொட்டை மாடிக்குப் போவீர்கள். அந்தப் பெயரில் உள்ள ஹெர்ஷல் யார் என்று பிள்ளைகள் கேட்டால், யுரேனஸைக் கண்டவர் என்று சொல்லிவிடாதீர்கள். அது அவருடைய தங்கை.